உய்குர் மக்களும் ஒரு சொட்டு ரத்தமும்



போன மாதம் பட்டுப்பாதை பற்றி எழுதிய பதிவில், காஷ்கர் சந்தையைச் சொல்லும்போது உய்குர் மக்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன் கீழே, என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், உய்குர்காரங்க சீனாக்காரங்களா, துருக்கிக்காரங்களா? டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடாதா?"

நல்ல கேள்வி. வகுப்பிலும் இவன் இப்படித்தான், மணி அடிக்கிற நேரத்தில் கேள்வி கேட்பான். இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. மூன்று வாரமாகத் தேடிப் படித்தேன். என் மகள் ஆங்கிலக் கட்டுரைகளை எடுத்துக் கொடுத்து, புரியாத இடங்களைச் சொல்லியும் கொடுத்தாள். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியை. எனக்கு ஏழாம் வகுப்புக்குச் சொல்வது போலத்தான் சொல்ல வரும். பெரிய படிப்பு படித்த பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள். பதிவு நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் இந்த மக்கள் யார் என்று பார்ப்போம். சீனாவின் வடமேற்கு மூலையில் சின்ஜியாங் என்ற பகுதி இருக்கிறது. பரப்பில் நம் இந்தியாவில் பாதி. நடுவில் தக்லமக்கான் பாலைவனம். அதன் ஓரங்களில் காஷ்கர், ஹோத்தான், துர்ஃபான் என்று சோலை நகரங்கள். மலையில் உருகும் பனிநீரை நிலத்தடிக் கால்வாயில் கொண்டுவந்து திராட்சையும் முலாம்பழமும் விளைவிக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே உய்குர் மக்கள் சுமார் 1.16 கோடி பேர். பெரும்பாலும் முஸ்லிம்கள். அரபு எழுத்தில் எழுதுகிறார்கள்.

பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த உய்குர் மொழி. நமக்கு அதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. நம் தமிழ் போலவே அதுவும் சொல்லின் வாலில் ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகும். 'கிதாப்' என்றால் புத்தகம். 'கிதாப்லார்' என்றால் புத்தகங்கள். 'கிதாப்லிரிம்' என்றால் என் புத்தகங்கள். 'கிதாப்லிரிம்தா' என்றால் என் புத்தகங்களில். இதற்காகத் தமிழும் உய்குரும் உறவு என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். அமைப்பு ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது டி.என்.ஏ.வுக்கு வருவோம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதிய நீண்ட ஏடு ஒன்று இருக்கிறது. அதில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஏ-ஏ-டி-ஜி, ஏ-ஏ-டி-ஜி என்று ரயில் பெட்டி கோத்தது போல. எத்தனை பெட்டி என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு இடத்தில் எனக்கு அப்பா வழியில் வந்த ரயிலுக்கு 6 பெட்டி, அம்மா வழியில் வந்ததற்கு 9 பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் என் அடையாளம் 6, 9. இந்த இடங்களை எஸ்.டி.ஆர். என்கிறார்கள். குற்றவியல் ஆய்வகங்கள் இப்படிப் பதினைந்து, இருபது இடங்களை எடுத்துப் பெட்டிகளை எண்ணுகின்றன. அமெரிக்காவில் முதலில் 13 இடங்களை எண்ணினார்கள், 2017 முதல் 20 இடங்கள். கண் நிறமோ, நோயோ, குணமோ அறிய அல்ல, ஆளைத் தனித்துக் காட்டவே இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதன் தொடக்கம் இங்கிலாந்தில். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி 1984 செப்டம்பரில் டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டுபிடித்தார். எஸ்.டி.ஆர். முறை பிறகு 1990-களில் வந்தது. லெஸ்டர் பக்கத்தில் 1983-லும் 1986-லும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டான். ஜெஃப்ரீஸ் சோதித்துப் பார்த்தார். கொன்றவன் அந்தப் பையன் இல்லை என்று தெரிந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: இந்த முறை குற்றவாளியைப் பிடிக்கும் முன்பே ஒரு நிரபராதியை விடுவித்தது. அதன்பின் அந்த வட்டாரத்து ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் போலீஸ் ரத்தம் கேட்டது. கொலைகாரன் தன் பெயரில் இன்னொருவனை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்தான். அந்த ஆள் மதுக்கடையில் உளறியதால் 1987-ல் பிடிபட்டான்.

சரி, பெட்டிகள் ஒத்துப்போனால் அதே ஆள்தான் என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் கணக்கு வருகிறது. ஒரு இடத்தில் உள்ள அமைப்பு பத்தில் ஒருவருக்கு இருக்கும் என்று வைப்போம். இரண்டு இடங்களும் சேர்ந்து ஒத்துப்போக நூறில் ஒன்று. மூன்றுக்கு ஆயிரத்தில் ஒன்று. பத்து இடம் ஒத்துப்போக ஆயிரம் கோடியில் ஒன்று. உலக மக்கள்தொகையே அவ்வளவு இல்லை. நிகழ்தகவுப் பாடம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

ஆனால் "பத்தில் ஒருவர்" என்பது எந்த ஊரில் பத்தில் ஒருவர்? ஒரு மக்களிடம் பத்தில் ஒருவருக்கு இருக்கும் அமைப்பு, இன்னொரு மக்களிடம் ஐந்தில் ஒருவருக்கு இருக்கலாம். தவறான அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டால் நீதிமன்றத்தில் ஒருவர் தலையில் தவறான எண் விழும். அதனால்தான் ஒவ்வொரு மக்களிடமும் உறவில்லாத சில நூறு பேரிடம் மாதிரி வாங்கி, இந்த இடத்தில் 6 பெட்டி எத்தனை சதவீதம், 7 பெட்டி எத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டு ஆய்விதழ்களில் வெளியிடுகிறார்கள். உய்குர், கசாக், கிர்கிஸ் என்று துருக்கிய மொழி பேசும் மக்கள் பலருக்கும் இத்தகைய அட்டவணைகள் உண்டு. உய்குர் ஒருவர்மேல் பொய்க் குற்றச்சாட்டு வந்தால், அவரைக் காப்பாற்றவும் உய்குர் மக்களுக்கான சரியான அட்டவணை வேண்டும். அதனால் அட்டவணை என்பதே கெட்டது என்று நான் சொல்லவில்லை.

இப்போது அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டி.என்.ஏ. என்ன சொல்கிறது? ஆசியாவின் கிழக்கும் மேற்கும் அங்கே கலந்திருக்கின்றன என்கிறது. 2008-ல் வெளியான ஆய்வுகள், கிழக்கு ஆசிய வழியும் ஐரோப்பாவை ஒத்த மேற்கு வழியும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்றன. 2017-ல் வந்த விரிவான ஆய்வு, இரண்டு வழி மட்டுமல்ல, சைபீரியா, தெற்காசியா எனப் பல வழிகள் வெண்கலக் காலம் முதலே அங்கே சந்தித்தன என்றது. பட்டுப்பாதை நடுவே உட்கார்ந்திருக்கும் மக்கள், வேறு எப்படி இருப்பார்கள்?

அதே தாரிம் படுகையில் மணலில் புதைந்து காய்ந்துபோன, சுமார் நாலாயிரம் ஆண்டுப் பழைய உடல்கள் கிடைத்தன. முகச்சாயல் மேற்கத்தியது போல இருந்ததால், எங்கிருந்தோ வந்தவர்கள் என்று பல காலம் எழுதினார்கள். 2021-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில் 13 உடல்களைச் சோதித்தார்கள். அவர்கள் வந்தேறிகள் இல்லை, அங்கேயே நெடுங்காலம் தனித்திருந்த பழங்குடியினர் என்று தெரிந்தது. ஆனால் அவர்களிடம் கோதுமை, தினை, பாலாடைக்கட்டி எல்லாம் இருந்தன. ரத்தம் கலக்கவில்லை, சமையல் கலந்துவிட்டது! இன்னொரு பக்கம், பழைய உய்குர் அரசு இருந்தது மங்கோலியாவில். 840-ல் அது விழுந்தபின் ஒரு பகுதியினர் துர்ஃபான் பக்கம் வந்து, அங்கிருந்தவர்களோடு கலந்தார்கள்.

ஆக, "சீனரா துருக்கியரா" என்ற கேள்விக்கு டி.என்.ஏ.வில் விடை இல்லை தம்பி. உய்குர் என்பது மொழி, பாட்டு, ரொட்டி, சொந்தம், தொழுகை, வாழ்ந்த ஊர் எல்லாம் சேர்ந்த பெயர். பாட்டி சொல்லும் கதை எந்த மொழியில் இருந்தது என்பதை எந்த எஸ்.டி.ஆரும் சொல்லாது. அந்த மண் யாருக்குச் சொந்தம் என்பதையும் சதவீதம் சொல்லாது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு பொது அறிவுப் பதிவாகவே இருந்திருக்கும். ஆனால் படிக்கப் படிக்க, "இந்த அட்டவணைகளுக்கு ரத்தம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி என்னை விடவில்லை.

2016 முதல் சின்ஜியாங்கில் "அனைவருக்கும் உடல் பரிசோதனை" என்ற இலவசத் திட்டம் நடந்தது. 2017-ல் மட்டும் 1.88 கோடி பேர் கலந்துகொண்டதாகச் சீன அரசுச் செய்தி நிறுவனமே சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஓர் அறிக்கை வெளியிட்டது. சின்ஜியாங்கில் 12 முதல் 65 வயதுக்குட்பட்ட எல்லாருடைய டி.என்.ஏ., ரத்தப் பிரிவு, கைரேகை, கருவிழிப் பதிவு ஆகியவற்றை அரசு சேகரிக்கிறது, அதில் டி.என்.ஏ.வும் ரத்தப் பிரிவும் இந்த இலவசப் பரிசோதனை வழியாகவே எடுக்கப்படுகின்றன என்றது அது. பின்னர் வெளிநாடு சென்ற உய்குர் ஒருவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னதைப் படித்தேன். ரத்தம் எடுத்தார்கள், முகத்தையும் குரலையும் பதிந்தார்கள், இதயத்தையோ சிறுநீரகத்தையோ பார்க்கவில்லை. முடிவைக் கேட்டபோது, கேட்க உனக்கு உரிமை இல்லை என்றார்கள். சீன அரசு இத்தகைய குற்றச்சாட்டுகளை மறுக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு 2017 பிப்ரவரி ஞாபகம் வந்தது. அந்த மாதம்தான் தமிழ்நாடு முழுக்கத் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகள். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ புரளி. பெற்றோர் பயந்தார்கள். எங்கள் பள்ளி ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய், இது எதற்கு, என்ன ஊசி, யார் போடுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னோம். ஒரு பாட்டி, "என் பேரனுக்கு வேணாம் டீச்சர், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டுக்கு போலீஸ் வரவில்லை. ரேஷன் நிற்கவில்லை. பையனை வகுப்பில் யாரும் ஒதுக்கவில்லை. பத்து நாள் கழித்து, மற்ற பிள்ளைகள் நன்றாக இருப்பதைப் பார்த்து, பாட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுவந்தார். என்னிடம் வந்து அட்டையைக் காட்டினார்.

ஊசி போடும் நாளில் வரிசையில் நிற்கும் குழந்தை, மருந்தை நம்பிக் கை நீட்டுவதில்லை. பக்கத்தில் நிற்கும் டீச்சரை நம்பி நீட்டுகிறது. முப்பத்தைந்து வருடம் அந்த இடத்தில் நின்றவள் நான். அந்த நம்பிக்கை எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். அதே 2017-ல், உடல்நலத்துக்கு என்று நம்பி இன்னொரு நாட்டில் மக்கள் கை நீட்டியிருக்கிறார்கள். அந்த ரத்தம் போலீஸ் கணினிக்குப் போனது என்றால், அது நம்பிக்கையைத் திருடியது. இனி அந்த ஊரில் உண்மையான மருத்துவர் உண்மையான ஊசியோடு வந்தாலும் ஒரு தாய் யோசிக்கத்தானே செய்வாள்?

இதில் வெளிநாட்டு விஞ்ஞானமும் சேர்ந்துகொண்டது. மக்களை வேறுபடுத்திக் காட்ட, உலகின் மற்ற மக்களின் டி.என்.ஏ. வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் கிட் பல ஆண்டுகளாகச் சேர்த்த மாதிரிகளைச் சீனக் காவல் துறையின் தடய அறிவியல் நிறுவனத்தோடு பகிர்ந்துகொண்டார். அவர்கள் உரிய சம்மதம் பெற்றே வேலை செய்கிறார்கள் என்று தான் நம்பியதாக அவர் சொன்னார். 2019 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' இதை வெளியிட்டது. பெட்டி எண்ணும் கருவிகளை விற்ற தெர்மோ ஃபிஷர் என்ற அமெரிக்க நிறுவனம், சின்ஜியாங்கில் இனி விற்க மாட்டோம் என்று அதே மாதம் அறிவித்தது. டும்சுக் என்ற ஊரில் உய்குர் மக்கள் நூற்றுக்கணக்கானோரிடம் எடுத்த ரத்தத்தைக் கொண்டு, டி.என்.ஏ.விலிருந்து முகத்தை வரைய முடியுமா என்று ஆராய்ச்சி நடந்ததும் அந்த ஆண்டு இறுதியில் வெளிவந்தது.

பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தில் ஈவ் மோரோ என்ற பேராசிரியர் இருக்கிறார். அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டம் கூட்டவில்லை, கோஷம் போடவில்லை. நாம் வீட்டுப்பாட நோட்டுத் திருத்துவது போல, இந்த ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். எழுதியவர்களில் போலீஸ் அலுவலகத்தில் வேலை செய்கிறவர் இருக்கிறாரா, சம்மதம் எப்படி வாங்கினார்கள் என்று பார்த்தார். இதழ்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பல ஆண்டுகள் ஆயின. ஒரு மரபியல் இதழில், புகார்மேல் நடவடிக்கை தாமதமாவதைக் கண்டித்து ஆசிரியர் குழுவினர் எட்டுப் பேர் 2021-ல் விலகினார்கள். 2024 பிப்ரவரியில் அந்த இதழ், சீனாவிலிருந்து வந்த 18 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

என் மகள் கேட்டாள்: "கட்டுரையில வெறும் எண்தானே இருக்கு, யார் பேரும் இல்லையே. சம்மதப் படிவத்துல கையெழுத்து வாங்கினோம்னுதானே எழுதியிருக்காங்க?" அதற்கு நான் சொன்னதுதான் இந்தப் பதிவின் சாரம். மறுக்க முடிந்தால்தான் அது சம்மதம். சின்ஜியாங்கில் அந்த ஆண்டுகளில் பெருந்திரளானவர்களைத் தடுப்பு முகாம்களில் அடைத்தார்கள். அங்கு நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் அறிக்கையில் சொன்னது. வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்த இடத்தில் போடும் கையெழுத்து, கையெழுத்தா? என் பாட்டிக்கு இருந்த "கோவிச்சுக்காதீங்க டீச்சர்" என்ற அந்த ஒரு வாக்கியம் அவர்களுக்கு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ரத்தம் கொடுப்பது ஒருவர், தெரிய வருவது ஒரு குடும்பமே. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ அப்படியே வரும். ஒரு ஆணின் மாதிரி இருந்தால் அவன் அண்ணன், சித்தப்பா, பங்காளி அத்தனை பேர் பக்கமும் விரல் நீளும். இதை வைத்துச் சீனா முழுக்க, குற்றம் ஏதும் செய்யாத ஆண்களிடமும் போலீஸ் மாதிரி சேகரித்தது. 3.5 கோடி முதல் 7 கோடிப் பேர் வரை இலக்கு என்று ஆஸ்திரேலிய ஆய்வு நிறுவனம் ஒன்று 2020-ல் மதிப்பிட்டது. பள்ளிச் சிறுவர்களிடமும் எடுத்தார்கள். அங்கேயும் பக்கத்தில் ஒரு டீச்சர் நின்றிருப்பார். அவர் மனசில் என்ன ஓடியது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நமக்கென்ன என்று விட முடியாது. நம் நாட்டிலும் டி.என்.ஏ. ஒழுங்குமுறை மசோதா ஒன்று 2019-ல் நாடாளுமன்றத்துக்கு வந்து, 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. கைதானவர்களின் உயிரியல் மாதிரிகளை எடுக்க 2022-ல் வந்த சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் எல்லாம் தீமை என்று நான் சொல்லவில்லை. காணாமல் போன பிள்ளையைத் தாயிடம் சேர்க்கவும், லெஸ்டர் பையனைப் போல ஒருவனைச் சிறையிலிருந்து மீட்கவும் இதே பெட்டிக் கணக்குதான் வேண்டும். யார் கேட்கிறார்கள், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், நான் மாட்டேன் என்றால் என்ன ஆகும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர், எச்சில் அனுப்பிப் பரம்பரை பார்க்கும் தனியார் சோதனையில் ஆசையாக இருக்கிறீர்கள் என்று தெரியும். அனுப்புவது உங்கள் இஷ்டம். ஆனால் அந்தச் சின்னக் குப்பியில் உங்கள் அக்கா, தம்பி, சித்தி பிள்ளைகள், இனிப் பிறக்கப்போகும் குழந்தைகள் எல்லாருமே பாதியோ அரைக்காலோ அடங்கியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக என் மாணவர்களுக்கு ஒன்று. உங்களில் லேப் டெக்னீஷியன் இருக்கிறீர்கள், செவிலியர் இருக்கிறீர்கள், போலீஸில் இருக்கிறீர்கள், வி.ஏ.ஓ. இருக்கிறீர்கள், என்னைப் போல ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். தினமும் யாராவது உங்கள் முன்னால் கையை நீட்டுவார்கள், ரத்தத்துக்கோ ரேகைக்கோ. அவர்களுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். இது எதற்கு என்று அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம்தான் கூடுதலாக ஆகும்.

உய்குர் மொழியில் 'ரஹ்மெத்' என்றால் நன்றி. பொறுமையாகப் படித்த உங்கள் எல்லாருக்கும் ரஹ்மெத். தடய அறிவியல் துறையில் வேலை செய்கிற பிள்ளைகள் இருந்தால், நான் சொன்ன பெட்டிக் கணக்கில் சேர்க்க வேண்டியது ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்